பார்த்துவிட்டுப் போனவர்கள்

எங்கள் வீட்டு வாசலில் வாடகைக்கு எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்த அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வீட்டில் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, சாவும் இல்லை. உள்ளே கட்டிலில் என் ஓரகத்தி உயிரோடு படுத்திருந்தாள். அவளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறவர்கள் உட்காருவதற்குத்தான் அந்த நாற்காலிகள்.

ஓரகத்தி என்பது உறவைப் புரியவைப்பதற்காகச் சொன்னது. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் கூப்பிட்டதெல்லாம் அக்கா என்றுதான். திருவிடந்தையில் ஒரே வீட்டில் முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் நாங்கள். அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்தெடுத்து, மருந்தேற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்ட நேரத்தில் அது நுரையீரலுக்குப் போயிருந்தது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். புது மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, "இது கேட்டுச்சுன்னா நல்லது. இருந்தாலும் எதுக்கும் மனசைத் தயார் பண்ணி வெச்சுக்குங்க" என்றார். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பேச்சின் முதல் பாதியைக் காதிலேயே வாங்கவில்லை. கம்பெனி வேன் ஓட்டுகிற மனிதர், எதற்கும் பதறாதவர் என்று பெயர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே ஒருவர் விடாமல் எல்லாருக்கும் போன் போட்டுவிட்டார். "ஒரு வாட்டி வந்து மொகத்த பாத்துட்டு போயிடுங்க."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள். உயிர் இருக்கும்போது எட்டிப் பார்க்கவில்லை என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். அக்காவின் பிறந்த ஊரான கருங்குழியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கோவளத்திலிருந்தும் பூஞ்சேரியிலிருந்தும் தெரிந்தவர்கள் வந்தார்கள். தெருமுனையிலேயே அழுகை தொடங்கிவிட்டது. "நான் எதுனா தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடும்மா" என்று ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவள் பேசியது தப்புத்தான், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிறகு யாரோ ஒரு டம்ளரில் பாலைக் கொண்டுவந்து வைக்க, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்கள். அக்காவுக்குப் பால் என்றாலே குமட்டும். கடைசியாக வந்தவன் அவளுடைய ஒரே தம்பி. கரண்டியைப் பிடிக்க முடியாமல் பாதியைத் தலையணையில் சிந்தினான். அவன் எழுந்துபோனதும் அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். ஏதோ கடைசி ஆசையைச் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். "டீயா இருந்தாலும் பரவால்ல. இன்னாடி இது, பாலு பாலா ஊத்திகினு!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை அழுகைக்கு நடுவில் சிரித்தவள் என்று இன்றைக்கும் கருங்குழியில் என்னைச் சொல்வார்கள்.

அக்கா சாகவில்லை. மாத்திரை கேட்டது. முதலில் எழுந்து உட்கார்ந்தாள், பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள், ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் எனக்கே டீ போட்டு வைத்திருந்தாள். நோய் போய்விடவில்லை, பதுங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த மாத்திரைக்கு வாயெல்லாம் புண்ணாகும். காரம் ஆகாது. மோர்சோற்றை மிக்ஸியில் ஓட்டிக் கொடுப்போம். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மாமா, பருப்பைக் குழைய வேகவைத்துக் கடையக் கற்றுக்கொண்டார். பகலில் நான், வேன் ஓட்டிவிட்டு வந்தபின் அவர் என்று பார்த்துக்கொண்டோம். சில நாள் எனக்குச் சலிப்பாக இருக்கும், இடுப்பு விட்டுப்போகும். அப்போதெல்லாம் யாராவது வந்து ஒரு மணிநேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றும். ஒருவரும் வரவில்லை.

அதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். வேன் பிடித்து வந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் போன் வரும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்டி கீறாங்க? இன்னும்...?" என்று. நானும் அக்காவும் கோவளம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த ஒருநாள், மன்னிப்புக் கேட்டு அழுதாளே, அந்தப் பெண்மணி எதிரில் வந்துவிட்டாள். அக்காவைப் பார்த்ததும் "ஐயோ, நீயா!" என்று அலறிவிட்டு, நின்றிருந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். "அது கேளம்பாக்கம் பஸ்ஸுடி. அவ வூடு பூஞ்சேரில கீது!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "பாலு ஊத்திட்டாங்க இல்ல, அவங்களுக்கு நான் செத்தாச்சி. இனிமே எந்த மூஞ்ச வெச்சிகினு வருவாங்க?"

மற்றவர்களை அவள் விட்டுவிட்டாள். தம்பியை விடமுடியவில்லை. தாய் தகப்பன் போனபிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அவன் மட்டும்தான். பொங்கலுக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை என்று சீர் எடுத்துக்கொண்டு வருவான். அந்த வருஷம் போகிக்கு முதல் நாளிலிருந்தே அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் குட்டையாக வளர்ந்திருந்த முடியை வாரிவிட்டுக்கொண்டாள். அவன் வரவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. திருப்போரூரில் தோகை நறுக்கிய கரும்பும் மஞ்சளும் வாங்கிவந்து, "ஒந்தம்பி பஸ்ல போட்டு வுட்டுகீறான்" என்று ஒரு பொய் சொன்னார். அக்கா கரும்பை ஒருமுறை பார்த்தாள். "சோகைய வெட்டிட்டு எங்க வூட்ல கரும்பு குடுக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். பாவம் மாமா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

காணும் பொங்கலன்று ஊரே மகாபலிபுரம் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, நானும் அக்காவும் கருங்குழிக்குக் கிளம்பினோம். வேனில் விடுகிறேன் என்றார் மாமா. "வேன்ல போனா சாவு வூட்டுக்கு போற மாதிரி கீது" என்று அக்கா பஸ்ஸில்தான் ஏறினாள். செங்கல்பட்டில் இறங்கி மாறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். முறைத்தாள்.

தம்பி வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்தவன் வா என்றுகூடச் சொல்லாமல் வாளியோடு நின்றான். அக்கா படியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பொங்கலுக்கு ஏன்டா வரல?"

அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "சீர் பொடவ எடுக்க கடைக்கு போனேன்க்கா. முடியல. ஒனக்கு கோடி எடுத்து பீரோல வெச்சிகீறேன். அது வூட்ல கீறப்ப இன்னொரு பொடவய எப்டிக்கா கையால தொடுவேன்?"

சுமங்கலியாகப் போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கடைசியாகப் போர்த்துகிற புதுப் புடவைதான் கோடி. மாமாவின் போன் வந்த அன்றைக்கே, அவசரத்தில் கடை திறந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, வருகிற வழியிலேயே வாங்கிவிட்டிருக்கிறான். அக்கா சாகவில்லை என்றானபின் அதைத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. அக்காவை நேராகப் பார்க்கவே அவனுக்குக் கூசியிருக்கிறது.

"எட்றா அத" என்றாள் அக்கா. அவன் அசையவில்லை. அவன் மனைவி, "வேணாம் அண்ணி, வேணாம் அண்ணி" என்று கையைப் பிசைந்தாள். அக்காவே உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். அரக்கு நிற நூல்புடவை, மடிப்புக் கலையாதது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டவள் அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தம்பி, "அவுத்துடுக்கா! ஒன் கால்ல வுழறேன், அவுத்துடுக்கா!" என்று கத்தினான்.

"இன்னாத்துக்கு அவுக்கணும்? எனக்குன்னு எடுத்தது தானே? பொணமானாத்தான் நீ குடுப்பியா? இதான்டா இந்த வருஷத்து சீரு. பசிக்குது, சோறு போட சொல்லு."

தம்பிதான் பரிமாறினான். காரமில்லாமல் பருப்பும் நெய்யும் பிசைந்து கொடுத்தான். அழுதுகொண்டே போட்டான், நானும் அழுதேன், அக்கா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் வந்தான். வந்து துணி துவைப்பான், அவளோடு தாயம் ஆடுவான், சண்டை போடுவான். அக்கா அந்தப் புடவையை ஆஸ்பத்திரிக்குக் கட்டினாள், பெருமாள் கோயிலுக்குக் கட்டினாள், ஒரு கல்யாணத்துக்கும் கட்டிக்கொண்டு போனாள். யாராவது நன்றாயிருக்கிறதே என்றால், "எந்தம்பி எடுத்த கோடி" என்று சத்தமாகச் சொல்லுவாள். கேட்டவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மழைக்காலத்தில் மாத்திரை கேட்பதை நிறுத்தியது. அறுத்த இடத்திலேயே புண் வெடித்தது. அந்த வாடையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வீட்டுக்கு வந்து கட்டுப் போட்டுவிடுகிற நர்ஸ், சுற்றிக் கசிவதை ஒற்றியெடுக்கப் பழைய நூல்துணியாக, உறுத்தாததாக வேண்டும் என்றார். அக்காவின் துணிகளிலேயே துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது அந்த அரக்குப் புடவைதான். தம்பி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். அவனே அதைக் கிழித்தான், வெந்நீரில் கொதிக்கவைத்தான், வெயிலில் காயவைத்தான். அவன் ஒற்றும்போது அக்கா நிறத்தைப் பார்த்துக் கண்டுகொண்டாள். "சீர கிழிச்சிட்டியா? போவட்டும், பொங்கலுக்கு வேற எடு. இதுல பார்டரு ரொம்ப பெருசு."

"எடுக்கறேன்க்கா" என்றான்.

மார்கழி முடியவில்லை, அக்கா போய்விட்டாள். அன்றைக்கு வேன் நிறைய யாரும் வரவில்லை. போன தடவையே பார்த்தாகிவிட்டதே என்று பலர் இருந்துவிட்டார்கள். குளிப்பாட்டி முடிந்ததும் கருங்குழியிலிருந்து வந்திருந்த அக்காவின் பெரியப்பா, "பொறந்த வூட்டு கோடி எங்கடா?" என்று கேட்டார். தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பையைப் பிரித்தான். பச்சைப் புடவை.

"கோடிய எங்கக்கா கட்டி கிழிச்சிட்டாங்க பெரிப்பா. இது பொங்கலுக்கு எடுத்தது."

தம்பி அக்காவின் கால்மாட்டில் முட்டிபோட்டு மடிப்பைப் பிரித்து மேலே போர்த்திவிட்டான். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தபடி அவளிடம் சொன்னான்: "பார்டரு சின்னதா பாத்துதான் எடுத்தேன்க்கா."