ஆகாமியத்துக்குப் போட்ட சரி

சைவநெறி படிப்பித்தே எனக்கு வயது போய்விட்டது. சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம் என்ற மூன்று சொற்களையும் எத்தனை முறை கரும்பலகையில் எழுதி அழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முற்பிறப்புகளில் சேர்த்துவைத்த வினை சஞ்சிதம். அதில் இந்தப் பிறப்பில் அனுபவிக்க வந்த பங்கு பிராரத்துவம். அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் செய்து, பலனைப் பிறகு அனுபவிக்கப்போவது ஆகாமியம். நான் வவுணதீவில் வயல் செய்த வீட்டில் பிறந்தவள். ஆகவே மூடையில் கிடக்கும் நெல், உலையில் கொதிக்கும் அரிசி, வயல் வட்டையில் விதைக்கும் நெல் என்று உதாரணம் சொல்வேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பெரிதாக ஏறாது. ஆனாலும் எழுதிக்கொள்வார்கள்.

கடல் வந்துபோன பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் சுவர்கள்கூட முழுதாக மிஞ்சவில்லை. தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் வகுப்பு நடந்தது. வெக்கை, ஈ, பக்கத்துக் கொட்டிலில் நிவாரணத்துக்குப் பெயர் கூப்பிடும் சத்தம். எனக்கு எல்லாவற்றிலும் சலிப்பு. பத்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சைக்கு முதல் நாள், "என்ட நெல்லையே எனக்குத் திருப்பித் தராதீங்க. உங்கட உங்கட உதாரணத்த எழுதுங்க" என்று பிள்ளைகளை ஏசினேன்.

ஏசியும் பயனில்லை. தாளுக்குத் தாள் நெல்தான். ஒரு தாளில் மட்டும் இல்லை. முன்வரிசையில் இருந்து, கேட்டால் மட்டும் பேசும் ஒரு பிள்ளையின் தாள் அது. ஆகாமியத்துக்கு நேரே இப்படி எழுதியிருந்தாள்: "சுனாமி வந்தபோது நான் தம்பியின் கையை விட்டேன். இதன் பலனை இனி அனுபவிப்பேன்."

பேனை நின்றது. அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தேன். பேசத் தொடங்கினால் அவள் அழுவாள், அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அழுவார்கள், பிறகு நானும் அழ வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அழுவதற்குக்கூடச் சீவன் இருக்கவில்லை. வரைவிலக்கணத்துக்கு உதாரணம் பொருந்தியிருந்தது. முழுப் புள்ளியும் கொடுத்து, சிவப்புப் பேனையால் பெரிய சரி ஒன்று போட்டேன். பாவம் பிள்ளை, ஒரு புள்ளிகூடக் குறைக்கக் கூடாது என்று இரங்கித்தான் போட்டேன். அடுத்த தாளை எடுத்தேன்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. ஷெல்லுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடினோம். அந்த வகுப்பு எந்தெந்த முகாமுக்குச் சிதறியது என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கவுமில்லை.

யுத்தம் முடிந்த மறு வருடம், சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவில் "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று அந்தப் பிள்ளை வந்து நின்றாள். வாழைச்சேனையில் ஒரு தையல் கடையில் வேலையாம். கூட வந்திருந்த தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல இடத்துச் சம்மந்தம் ஒண்டு வந்திரிக்கு டீச்சர். பொடியனுக்கும் விருப்பம். இவள்தான் ஒத்தக் கால்ல நிக்காள், வேணாமாம். நீங்களாவது சொல்லிப் பாருங்க."

அவளை மட்டும் மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஏன் என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தம்பிக்குச் செஞ்சதுக்கு இன்னும் பலன் வரல்ல டீச்சர். அது வரக்குள்ள என்ட வயித்துப் பிள்ளையில விழுந்திட்டா?"

"அது உன்ட பிழையில்ல மகள். அவ்வளவு பெரிய தண்ணியில ஆரால பிடிச்சு வெச்சிருக்க ஏலும்? நீ விடல்ல, தண்ணிதான் பறிச்சது" என்றேன். இதை ஐந்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்ல அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. வகுப்பில் விளங்காத பாடத்தைக் கேட்பவளைப் போல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏன் டீச்சர் அதுக்குச் சரி போட்டீங்க?"