ஐவியின் பாட்டிலில் நாலாவது கல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது இது. நான் குடித்திருக்கவில்லை. நடுராத்திரியும் இல்லை. போன வருடம் நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் மணி 4.40.

நான் அமல்தாஸ். மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. என் மனைவி ஐவிக்குப் பித்தக் குழாயில் கல். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து மூன்று கற்களை எடுத்தார்கள். சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தார்கள். விலாவில் ஒரு டியூப்பும், பித்தநீர் இறங்குகிற பையுமாக வீடு வந்தாள். ஐந்து வாரம் கழித்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டியூப்பை எடுப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் ஐவி பாட்டிலை ஆட்டிக் காட்டுவாள். "பெருசா இருக்கே, அதுதான் எங்க கங்காணி. சின்னது ரெண்டும் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிங்க" என்று சிரிப்பாள். பிறகு இயேசு படத்துக்குக் கீழே வைத்துவிடுவாள்.

படம் எடுக்கும் நாள் வந்தது. மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் லீவு கேட்க எனக்குப் பயம். தோட்டத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரசரை வீட்டுக்கே கூப்பிட்டு டியூப்பை உருவச் சொன்னேன்.

"படம் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள் ஐவி.

"மூணையும்தான் எடுத்தாச்சுலா. இன்னும் என்னா படம்?"

டிரசர் உருவினார். பத்தாம் நாள் குளிர்க் காய்ச்சல். கண் இரண்டும் மஞ்சள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் செத்துப்போனாள். துரை மலர்வளையம் அனுப்பினார். நான் அவருக்கு நன்றி வேறு சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள்தான் அந்த வியாழக்கிழமை. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தேன். பனி எங்கள் லயத்து வீடுகளை வரிசையாக மூடியிருந்தது. பக்கத்து வீட்டு ஜெயா வெளியே நின்றாள்.

"அண்ணே, உங்க வீட்ல யாரு?"

"யாருமில்லையே."

"அரை மணி நேரமா பாட்டில் ஆட்டுற சத்தம் கேக்குதுண்ணே..."

பூட்டு நான் காலையில் போட்டபடியே தொங்கியது. திறந்தேன்.

கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் போர்வை ஈரம். தொட்டேன். விரலில் பித்தநீரின் மஞ்சள். இன்னும் சூடு ஆறவில்லை...

கலக்... கலக்...

இயேசு படத்துக்குக் கீழே.

பாட்டில் அசையவில்லை. சத்தம் மட்டும்.

"எண்ணிப் பாருங்க..."

காதோரம். ஐவியின் குரல்.

மணி 4.52.

மூடியைத் திறந்தேன். கற்களை உள்ளங்கையில் கொட்டினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலு.

நாலாவது ஈரமாக இருந்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் ஐவியின் இறப்புப் பேப்பர் வாங்கப் போனேன். டாக்டர் சசிதரன் ஃபைலைப் புரட்டினார். கடைசி நாள் ஸ்கேனில் குழாய்க்குள் ஒரு கல் தெரிந்ததாம். ஆபரேஷனில் சில பேருக்கு அப்படி ஒன்று தப்பி நின்றுவிடுமாம்.

"அதுக்குத்தானே படம் எடுக்க வரச் சொன்னோம்? டியூப் இருந்திருந்தா அந்த வழியாவே எடுத்திருக்கலாம்."

அவளைக் கொன்றது நான்தான். அது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அந்தக் கல்லு இப்ப எங்க டாக்டர்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எடுக்க நேரமே இல்லையே. உள்ளயேதான் இருந்துச்சு. அவங்களோடவே அடக்கம் பண்ணியிருப்பீங்க."

சட்டைப் பையில் இருந்த பாட்டிலை அவரிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.