ஐஸ் சரிவில் இறங்கிய ஜீப்

மதுரைக்காரனான எனக்கு ஐஸ் என்றால் டம்ளரில் மிதப்பது. அதன்மேல் வண்டி ஓட்டுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 1978 டிசம்பரில் கொச்சியில் அதைப் பார்த்தேன். அந்த வண்டியிலேயே உட்கார்ந்தும் இருந்தேன்.

காலை ஏழு மணிக்கு எர்ணாகுளம் ஜெட்டியில் படகு ஏறினால் அரை மணி நேரத்தில் மட்டாஞ்சேரி. இறங்கியதுமே சுக்கு, மிளகு நெடி மூக்கைத் துளைத்தது. நன்றாகத் தும்மிவிட்டுத் தங்கை சாரதாவின் வீட்டுக்குப் போனேன். அவள் புகுந்த வீட்டார் பாலக்காட்டுத் தமிழர்கள். வீட்டுக்குப் பின்னாலேயே ஐஸ் கம்பெனி. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி கொடுப்பது தொழில். மாப்பிள்ளைக்கு இயந்திரத்தை விட்டு நகர முடியாது.

சாயா குடிக்கும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. ஐஸ் ஏற்றும் ஜீப்பின் டிரைவர் வளைகுடாவுக்குப் போய்விட்டான். ஜீப்பை விற்றுவிடலாம் என்று சாரதாவின் மாமனார் முடிவு செய்து, அதை வாங்கப் பள்ளுருத்தியிலிருந்து ஒருவரை அன்று மாலை வரச்சொல்லியிருந்தார். சாரதாவோ அந்த டிரைவரிடமே ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்திருந்தாள். அந்த வண்டிமேல் அவளுக்கு உயிர்.

"இன்னிக்கு லோடு நீ கொண்டு போ. நான் பக்கத்துல இருப்பேன்" என்றார் மாமனார். "நடு வழியில என்னை இறங்க வெச்சியோ, வண்டி பள்ளுருத்திக்குப் போகும். அவ்வளவுதான்."

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பின்னால் உமி தூவிய ஐஸ் கட்டிகள், அவற்றோடு நான். ஐந்து நிமிடத்தில் வேட்டி நனைந்துவிட்டது. கேட்டைத் தாண்டும் முன்பே மாமனார், கியர் ராடுக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பைக் காட்டினார். முன் சக்கரங்களையும் இன்ஜினோடு சேர்ப்பது அதுதான்.

"அதைப் போடு. நாலு டயருக்கும் காசு கொடுத்தது நானாக்கும். ரெண்டு மட்டும் வேலை செஞ்சா, மத்த ரெண்டும் என்ன விருந்தாளியா?"

"தார் ரோட்டுல அது வேண்டாம் மாமா."

"போடுன்னா போடு."

வியாபாரி புத்தி! வாங்கிய பொருள் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. அண்ணன் முன்னால் மாமனாரை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று சாரதா கம்பைப் போட்டாள்.

கடைவீதியில் நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. மூலையில் திரும்பும்போதுதான் வண்டி முரண்டு பிடித்தது. ஸ்டியரிங் கனத்தது, டயர்கள் கிறீச்சிட்டன, ஒரு குலுக்கல், இன்ஜின் நின்றது. கம்பை எடுக்கப் பார்த்தாள், இறுகிப்போயிருந்தது. முன்னும் பின்னும் கைவண்டிகள் சேர்ந்துவிட்டன. "எந்தா சேச்சி, வழியடச்சோ?" என்று ஒரு சுமைத் தொழிலாளி சத்தம் போட்டார்.

"நான் இறங்கறேன்" என்றார் மாமனார்.

"இருங்கோ மாமா. ஒரு கொழப்பமும் இல்ல."

இன்ஜினைக் கிளப்பி, திருப்பிய ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டு, வந்த வளைவிலேயே கொஞ்சம் பின்னால் போனாள். கம்பு தானாக வந்ததுபோல் வந்துவிட்டது. அப்புறம் வண்டி வெண்ணெயாகத் திரும்பியது.

சுள்ளிக்கல் தாண்டும்போது காரணம் கேட்டேன். "திரும்பறப்போ முன் சக்கரம் பெரிய வட்டம் சுத்தும் அண்ணா, பின் சக்கரம் சின்ன வட்டம். நாலையும் சேர்த்துக் கட்டினா ஒண்ணு வழுக்கிக் கொடுக்கணும். தாருல எங்க வழுக்கும்? முறுக்கிக்கும். சேத்துலயும் ஐஸ்லயும் வழுக்கும், அங்கதான் அது உபகாரம்." மாமனார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்பும்படி துறைமுகம் மட்டாஞ்சேரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கலாம். படகுகள் நிற்கும் இடத்துக்கு ஒரு சரிவு இறங்குகிறது. ஐஸ் கட்டிகளைப் படகடியிலேயே நொறுக்குவதால் சரிவு முழுக்க ஐஸ் தூள், அதன்மேல் மீன் கொழுப்பு. ஒரு லாரி நடுவில் சக்கரம் சுழன்று திணறிக்கொண்டிருந்தது.

ஐஸ் தொடங்கும் முன்பே சாரதா வண்டியை நிறுத்தினாள். அந்தக் கம்பைப் போட்டாள், பக்கத்துக் கம்பை, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோவுக்குத் தள்ளினாள், முதல் கியரில் ஆமையாக இறங்கினாள். பாதியில் பின்பக்கம் லேசாக நழுவியது.

"பிரேக்! பிரேக்கைப் பிடி!" மாமனார் கத்தினார்.

அவள் கால் பிரேக் பக்கமே போகவில்லை. "பிடிச்சா நேரா காயல் தண்ணிக்குத்தான் மாமா. நாலு சக்கரம் போறதுக்குத்தான் உதவும், நிக்கறதுக்கு இல்ல." இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்தது. கீழே படகுக்காரர்கள் ஐஸை இறக்கினார்கள். காலி வண்டி அதே நிதானத்தில் லாரியை ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. ஆக்ஸிலேட்டரை ஒரு தடவைகூட அவள் அழுத்தி மிதிக்கவில்லை. மலைப்பாதை டிரைவர்கள் எத்தனையோ பேரோடு போயிருக்கிறேன். பெடல்மேல் இவ்வளவு அமைதியான பாதத்தைப் பார்த்ததில்லை. என் தங்கை என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது. காய்ந்த தாருக்கு வந்ததும் கம்பை எடுத்துவிட்டாள். மாமனார் திரும்பி, இன்னும் திணறிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தார்.

மாலை ஐந்தரைப் படகைப் பிடிக்க நான் பையோடு வாசலுக்கு வரும்போது பள்ளுருத்திக்காரர் வந்திருந்தார்.

"வண்டி கொடுக்கறதா இல்ல" என்றார் மாமனார்.

"டிரைவர் போயாச்சில்லே?"

"போகட்டும். வீட்டுலயே டிரைவர் உண்டு. என் மருமகள். இவள் எங்கயும் போகமாட்டாளாக்கும்."

கதவருகே நின்ற சாரதா சிரித்தாள். "போவேன் மாமா. தினமும் ஹார்பருக்குப் போவேன்."