நிழலில் மட்டும் இருந்த பெயர்

"அண்ணே, அக்கா போயிட்டாங்க. காய்ச்சல்னுதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்…" பலாபத்வலயிலிருந்து தேவகியின் தங்கை மலர் தொலைபேசியில் அழுதபோது எனக்கு நம்ப மனம் வரவில்லை. நானும் தேவகியும் சேர்ந்து உருவாக்கிய மரண அறிவித்தல் இணையத்தளத்தைத் திறந்து அவர் பெயரைத் தட்டினேன். அதில் இல்லாவிட்டால் செய்தி பொய்யாகிவிடும் என்றொரு மூட நம்பிக்கை.

பெயர் வந்தது. காலமானார் என்றும் இருந்தது. வீட்டார் இன்னும் எந்த அறிவித்தலும் தந்திருக்கவில்லை. திரையில் வந்த பெயரை அழுத்தினால் "அப்படி ஓர் அறிவித்தல் இல்லை" என்றது தளம். திரும்பத் தேடினால் மறுபடியும் அதே வரி. பயந்துபோனேன், மறைப்பானேன்?

மாத்தளையில் இரும்புக்கடைக்கு மேலே தளத்தை நடத்திய எங்கள் அறையைத் தெரிந்தவர்களுக்குத் தேவகியின் கோபமும் தெரியும். வடை தின்ற கையோடு விசைப்பலகையைத் தொட்டவன் அன்றைக்குத் தொலைந்தான். ஆனால் அழுதுகொண்டு வருகிறவர்களிடம் அவர் குரல் உயர்ந்ததே இல்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பெயர்களை ஆங்கில எழுத்திலும் போடுவோம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமில்லை, ஆங்கிலத்தில் உண்டு. எல்கடுவயிலிருந்து வந்த ஓர் அம்மா, "எங்க அண்ணன் பேர போட்டோம், தேடினா இல்லைங்குது" என்றார். போட்டது பெரிய எழுத்தில், தேடியது சின்ன எழுத்தில். தேவகி அன்றே ஒரு வழி செய்தார். அறிவித்தலை எழுதியபடியே வைத்துக்கொண்டு, தேடுவதற்கென்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிய பிரதி ஒன்று. "குடுத்தத மாத்தக்கூடாதுங்க. தேடுறதுக்கு ஒரு நிழல் போதும்" என்றார். அதன் பிறகு அந்தப் பிரதிக்கு எங்களிடையே நிழல் என்றே பெயர்.

அதுவும் எல்லாருக்கும் போதவில்லை. ரோஸ் என்ற டீச்சரைத் தேடியவருக்கு, மலர்வளையத்து ரோஜாவை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் 'ரோஸ்' என்று எழுதிய அறிவித்தலெல்லாம் வரிசையாக வந்தது. ஆகவே "எழுதியபடியே தேடு" என்று ஒரு சிறிய கட்டத்தையும் வைத்தார். அதில் குறியிட்டால் நிழலை விட்டுவிட்டு மூலத்தில் மட்டும் தேடும்.

இதையெல்லாம் சோதிக்க ஒரு சாவு வேண்டுமே! நான் ஏதோ ஒரு பெயரை எழுதப் போனேன். "வேணாங்க. அடுத்தவங்க பேர்ல சாவு எழுதக்கூடாது" என்று தடுத்து, தன் பெயரையே எழுதினார். தேடிப் பார்த்தார், சிரித்தார், அழித்தார். அழிந்தது மூலம் மட்டும். நிழல் அங்கேயே இருந்துவிட்டது; மலர் அழுத அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருப்பவர் பெயரை அந்தத் தளத்தில் யார் தேடுவார்?

செத்த வீட்டுக்குப் போனபோது, யாரோ தங்கள் தொலைபேசியில் அந்த வரியைக் கண்டு தேவகியின் அம்மாவிடம் காட்டியிருந்தார்கள். "முன்கூட்டியே எழுதி வச்சிருக்காங்க தம்பி. செய்வினைதான். யாரு அது?" என்று கேட்டு, வந்திருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டையே இரண்டாக்கும் பார்வை அது.

பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுனது தேவகியேதாம்மா. சோதிச்சுப் பார்க்க" என்றேன்.

"வேற பேரே கெடைக்கலியா?"

"இன்னொருத்தர் பேர எழுத மனசு வரல அவங்களுக்கு."

முகங்களைப் பார்ப்பதை விட்டார். பிறகு, "அப்ப அத அழிச்சிடுங்க. எம்புள்ள ரெண்டு தடவ சாக வேணாம்" என்றார்.

அழித்தேன். இனி மூலத்தோடு நிழலும் போகும்படி செய்தேன். இப்போது எந்த வழியில் தேடினாலும், வீட்டார் பிறகு தந்த ஒரே அறிவித்தலில்தான் தேவகி இருக்கிறார்.

ஆனால் திருத்தியதைச் சோதிக்காமல் விட அவர் சம்மதித்திருக்க மாட்டார். அடுத்தவர் பெயரில் சாவு எழுதாத அந்த வழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. என் பெயரை எழுதினேன். காலமானார் என்றும் எழுதினேன். தேடினேன், திரையில் வந்தேன். அழித்துவிட்டுத் தேடினேன், இல்லை.

இருந்தும் தினமும் காலையில் என் பெயரை இரண்டு வழியிலும் தேடுகிறேன். இல்லை என்று வந்த பிறகுதான் தேநீரைத் தொடுகிறேன்.