மூடியில் இல்லாத கற்கள்

ஞாயிற்றுக்கிழமை நடுவர் வேலை பார்த்தேன். இன்னும் அசதி போகவில்லை.

'கோ' தெரியும்தானே? கட்டம் போட்ட பலகை, கறுப்புக் கல், வெள்ளைக் கல். அதிக இடத்தை வளைத்துப் பிடித்தவர் ஜெயிப்பார். எதிராளியின் கல்லைச் சுற்றி அடைத்தால் அதைப் பிடித்து, நம் கல் டப்பாவின் மூடியில் போட்டு வைப்பது வழக்கம். மாத்தளைப் பக்கம் இதை ஆடுகிறவர்கள் மொத்தமே ஆறு பேர்தான். கொழும்புப் போட்டிக்கு ஒருவர்தான் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் உக்குவளையில், சாந்தி டீச்சர் வீட்டு முன்னறையில். டீச்சருக்குக் கறுப்பு. படிப்பிப்பது கணிதம், கோ படித்தது போனில் — சீன முறை. எதிரே ஹார்ட்வேர் கடை நவ்ஷாத் நானா. ஜப்பானில் வேலை பார்த்தபோது பழகியவர். டீச்சர் லீவு லெட்டரே எழுதி வைத்திருந்தார். நானா இரண்டு நாள் கடையைப் பூட்டப்போவதாகக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

மூன்று மணி நேரம் ஆடினார்கள். கடைசிக் கல்லை டீச்சர் வைத்தார். எண்ணத் தொடங்கினோம்... அங்கேதான் வில்லங்கம்.

சீன முறையில், பலகையில் நிற்கும் கல்லும் வளைத்த இடமும் புள்ளி. பிடித்த கல்லுக்கு மதிப்பே இல்லை. ஜப்பான் முறையில், வளைத்த வெற்றிடமும் பிடித்த கல்லும்தான் புள்ளி. நானாவின் டப்பா மூடியில் பிடித்த கல் பதினொன்று. டீச்சரின் மூடியில்? ஒன்றுமே இல்லை!

"நான் புடிச்சதெல்லாம் ஒங்க டப்பாவுலயே திருப்பிப் போட்டேனே நானா... எனக்கு அது கணக்கு இல்லையே."

"ஜப்பான்ல அதுதான் கணக்கே, டீச்சர்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எந்த முறை என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொன்னேனா? முதலில் ஆடுவது கறுப்பு, அதனால் வெள்ளைக்கு ஆறரைப் புள்ளி கூடுதல் — இதை மட்டும் சொல்லிவிட்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீன முறையில் எண்ணினேன். டீச்சர் அரைப் புள்ளியில் ஜெயம். கொழும்புக்குப் போன் போட்டேன். "ரெண்டும் சரிதான் சேர். நீங்களே முடிவெடுங்க" என்று வைத்துவிட்டார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

டீச்சர் பேனாவை எடுத்தார். "மாறி மாறித்தானே வெச்சோம்? முதலும் கடைசியும் நான், அதனால எனக்கு ஒரே ஒரு கல்லுதான் கூடுதல். பலகையில இருக்கிறதையும் ஒங்க மூடியில இருக்கிறதையும் எண்ணினா, நான் எத்தன புடிச்சேன்னு வந்துரும்."

வந்தது, ஒன்பது. அதை வைத்து ஜப்பான் முறையில் கூட்டினார். நானா அரைப் புள்ளியில் ஜெயம்!

தான் தோற்றதைத் தானே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, டீச்சர் பேனாவை மூடினார். முகம் வாடிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நானா மூடியைத் தள்ளி வைத்தார். "டீச்சர் கல்லத் திருப்பிப் போடுறத நான் ரெண்டாவது தடவையே பாத்தேன். நமக்கு லாபம்தானேன்னு சும்மா இருந்துட்டேன்... நீங்களே போங்க டீச்சர்."

வீட்டுக்கு வந்து கொழும்புப் போட்டிப் படிவத்தில் டீச்சர் பெயரை எழுதும்போதுதான் பார்த்தேன் — 'எந்த விதிமுறை?' என்று ஒரு கட்டம். அதை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்.