பழைய சேஸிஸோடு கிளியனூர் ரேஸுக்குப் போனோம்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோ-கார்ட் என்ற குட்டி ரேஸ் வண்டியை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகக் கிளியனூர்ப் பக்கம் போய் வந்தேன். ரேஸ் ஓட்டத்தான் போனேன். ஆனால் கிளம்பும்போதே சண்டை போடும் எண்ணமும் இருந்தது. பொழுதுபோக்காக கார்ட் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் எனக்கு எழுதும் முதல் கேள்வி, 'எந்த சேஸிஸ் வாங்கணும்?' என்பதுதான். அன்று நடந்ததைச் சொன்னால் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஓர் அறிமுகம். விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வயது முப்பத்தொன்பது. கோட்டக்குப்பத்து ரபீக்கும் நானும் சேர்ந்து ஒரு கார்ட் வைத்திருக்கிறோம். ஒரு ரேஸ் அவன், ஒரு ரேஸ் நான். ரபீக் ஷார்ஜாவில் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி செல்போன் கடை போட்டவன். எங்கள் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் பைப் சட்டகம், வாடகைக்கு கார்ட் விட்டுக்கொண்டிருந்த ஒரு களத்தை மூடியபோது வாங்கியது. இரண்டு இடத்தில் வெல்டிங் தழும்பு. அடிப்பக்கம் தரையில் உரசி உரசிப் பளபளத்துப் போயிருக்கும்.

ரேஸுக்குப் பத்து நாள் முன்பு எங்கள் கார்ட் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அடுத்த சீசனிலிருந்து வெளிநாட்டு கம்பெனி ஒன்றின் சேஸிஸ் மட்டும்தான் அனுமதி. இந்த ரேஸ் முடிந்ததும் ஓட்டெடுப்பு. 'எல்லாருக்கும் ஒரே வண்டி இருந்தால் திறமை மட்டும் பேசும்' என்று காரணம் போட்டிருந்தார்கள். அதை வாங்க எங்கள் இரண்டு கடையாலும் முடியாது. எங்களைப் போல இன்னும் ஆறு பேர் உண்டு. கட்டை விரலை உயர்த்தும் பொம்மைகளாகக் குழுவில் வந்து குவிந்தன. நான் எதுவும் போடவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். குட்டியானை என்று நாம் கூப்பிடும் சின்ன லோடு வண்டிதான். கண்டமங்கலத்து ஏழுமலை ஓட்டினார். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். டோல் நம் செலவு. அவர் கண்டமங்கலம், புதுச்சேரி வழியாகப் போகலாம் என்றார். பின்சக்கரங்களைக் கோக்கும் ஆக்சில் ராடு திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறையில் நிமிர்த்தக் கொடுத்தது கிடந்ததால் நான்தான் நேர்ச்சாலையைப் பிடிக்கச் சொன்னேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோலில் அந்த நேரத்தில் கூட்டம் இல்லை. பண்டிகை வாரத்தில் போகிறவர்கள் ஆறு மணிக்குள் தாண்டிவிடுங்கள். அப்புறம் சென்னைக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

டோல் தாண்டியதும் ஏழுமலை கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னாங்க இது, ஸ்பிரிங்கே காணோம்? பள்ளத்துல வுட்டா இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

உண்மைதான். கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ராடில் இறுகப் பூட்டியிருக்கும், சேர்ந்தேதான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். ஒரே ராடில் இது எப்படி நடக்கும்? உள்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழுப்புவது சேஸிஸ்தான். அந்தப் பைப்புகள் முறுகிக் கொடுத்து, வளைவு முடிந்ததும் பழையபடி நிமிர வேண்டும். எவ்வளவு முறுகும், எவ்வளவு சீக்கிரம் நிமிரும் என்பதில்தான் ஒரு சேஸிஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். இதை ஏழுமலைக்குச் சொன்னபோது, "அப்ப பைப்புதான் ஸ்பிரிங்குன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் ராடை வாங்கிக்கொண்டு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டோம். ரேஸ் அன்றைக்கு வடகறி வேண்டாம், நான் பட்டிருக்கிறேன். அங்கிருந்து புதுச்சேரி சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் கிளியனூர். ஊருக்கு முன்னாலேயே வலப்பக்கம் ஒரு மண் சாலை பிரியும். அதில் இரண்டு கிலோமீட்டர். போர்டு எதுவும் இல்லை, இரும்பு கேட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். தணிகாசலம் என்ற விவசாயி மல்லாட்டை என்னும் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியைத் தார் போட்டுக் களமாக்கியிருக்கிறார். மிச்ச நிலத்தில் இன்னும் மல்லாட்டைதான். களத்தின் நீளம் எண்ணூறு மீட்டர் இருக்கும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு. தாழ்ப்பாள் கிடையாது, துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ரபீக் ஏற்கனவே வந்து தார்ப்பாய் விரித்து வைத்திருந்தான். ராடைப் பூட்டி, காலைப் பயிற்சிச் சுற்றுகளை ஓட்டி முடித்ததும் கிளப் செயலாளர் கோகுல் வந்தார். புதுச்சேரியில் வீடு கட்டித் தரும் தொழில். நல்ல ஓட்டுநர், யாருக்காவது ஸ்பார்க் பிளக் இல்லை என்றால் தன்னுடையதைக் கழற்றித் தருகிற மனிதர். கோகுல் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை சுலபமாக இருந்திருக்கும்.

ஓட்டெடுப்பில் கை தூக்கச் சொல்லி மரியாதையாகத்தான் கேட்டார். புது சேஸிஸ் எவ்வளவு வித்தியாசம் தரும் என்று நான் ஓட்டிப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"சரி, இன்னிக்கே ஓட்டிப் பாக்கறேன். உங்க வண்டிய நான் எடுத்துக்கறேன், என் வண்டிய நீங்க எடுத்துக்கோங்க. பத்து சுத்து. டைம் போர்டுல எல்லாரும் பாக்கட்டும்."

அவர் யோசிக்கவே இல்லை, சரி என்றார். இந்தக் கிளப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்ன நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், யாரும் உள்ளே கை வைக்க முடியாதபடி சீல் வைத்தது. டயரும் ஒரே வகை. அவரும் நானும் ஏறக்குறைய ஒரே எடை. ஆகவே மாறப்போவது சேஸிஸ் மட்டும். காலையில் அவரவர் வண்டியில் எடுத்த நேரம் ஏற்கனவே போர்டில் இருந்தது: எனக்கு 52.9 வினாடி, அவருக்கு 52.5.

அவர் வண்டியில் முதல் சுற்று பயத்தோடு போனேன். மூன்றாவது சுற்றில் புரிந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்சக்கரம் உடனே எழும்புகிறது. வளைவு முடியும் முன்பே வண்டி விட்டுக்கொடுத்து ஓடத் தொடங்குகிறது. எங்கள் வண்டியில் அந்த இடத்தில் பின்பக்கம் தரையைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் முக்கும். நான் எப்போதும் அதை இன்ஜினின் பலவீனம் என்றே நினைத்திருந்தேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், கூடவே கோபமும் வந்தது. இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே இத்தனை நாள் தோளை முறித்திருக்கிறேன்.

இறங்கிப் போர்டைப் பார்த்தேன். எனக்கு 52.3. ஒரு சுற்றுக்கு 0.6 வினாடி லாபம். எங்கள் வண்டியில் கோகுலுக்கு 54.1.

 கோகுல் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தார். "நீங்களே ஓட்டி நீங்களே பாத்துட்டீங்க மேடம். இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

நான் வாதாட வந்ததே சேஸிஸ் அவ்வளவு முக்கியமில்லை என்று. அந்த வாதம் பத்து சுற்றில் செத்துப்போனது. ஆனால் பின்வாங்க மனம் வரவில்லை. இன்னொன்று அப்போதுதான் தோன்றியது.

"முக்கியம்தாங்க. இல்லன்னு இனிமே சொல்ல மாட்டேன். ஆனா என் வண்டில உங்களுக்கு ஒன்றரை செகண்டுக்கு மேல போச்சு. அதே வண்டிலதான் நாங்க ரெண்டு பேரும் உங்க பின்னாடியே ஓட்டிக்கினு இருக்கோம். இத வாங்க முடியாதவங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டு, அப்பறம் நீங்க யாரைங்க ஜெயிக்கப் போறீங்க?"

 அவர் தன் வண்டிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து, தன்னிடம் இன்னொரு புது சேஸிஸ் இருக்கிறது, ஃபைனலுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ரபீக்குக்கு ஆசை. "க்கா, ஒரு நாளாச்சும் நல்ல வண்டில ஓட்டிப் பாரேன். உனக்கு கப்பு கெடைக்கும்." எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கை இன்னும் அந்த ஸ்டீயரிங்கை மறக்கவில்லை. ஆனால் அந்த சேஸிஸில் நான் ஜெயித்தால், ஓட்டெடுப்பில் என் பெயரைத்தான் சாட்சியாகச் சொல்வார்கள். கோகுலுக்கு நன்றி சொல்லி வேண்டாம் என்றேன்.

"அப்ப நம்ம வண்டிய அது மாதிரி பண்ணு" என்று ரபீக்கிடம் சொன்னேன். அந்த வண்டி எங்கே எப்படி நடந்துகொண்டது என்று ஒவ்வொரு வளைவாகச் சொன்னேன். உள்சக்கரம் சீக்கிரம் எழும்ப வேண்டும், அவ்வளவுதான் தேவை. பின்சக்கரங்களை இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினோம். சீட்டை சேஸிஸோடு இறுக்கிக்கொண்டிருந்த கூடுதல் பட்டை இரண்டையும் கழற்றினோம்; சேஸிஸ் முறுக அது தடையாக இருந்தது. புது பைப் ஆகிவிடாது. ஆனாலும் பழைய பைப்புக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் எண்பது ரூபாய். தக்காளி சாதம், ஒரு முட்டை. இரண்டரை மணிக்கு ஃபைனல். பதினைந்து வண்டி, பதினைந்து சுற்று. நான் எட்டாவது இடத்தில் நின்றேன்.

முதல் வளைவிலேயே பின்பக்கம் வழுக்கியது, கிட்டத்தட்டச் சுற்றிவிட்டேன். சக்கரத்தை உள்ளே தள்ளினால் வண்டி விடுதலையாக ஓடும், பிடிமானமும் அதே அளவு குறையும். இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ரபீக் வேலியோரம் தலையில் கை வைத்து நிற்பது தெரிந்தது. பிறகு பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே பிடித்து, ஸ்டீயரிங்கை மெதுவாகக் கொடுத்துப் பார்த்தேன். வண்டி பணிந்தது. களத்தின் கடைசியில் இருக்கும் கொண்டை ஊசி வளைவில் எப்போதும் முக்குகிற இன்ஜின் அன்று முக்கவில்லை. அந்த ஒரே இடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துத் தாண்டினேன். எனக்கு முன்னால் போனவர்களில் பாதிப் பேர் புது சேஸிஸ். ஆனால் அவர்கள் அந்த வளைவில் அவசரப்பட்டு உள்ளே போய் அகலமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வண்டி ஈடு கொடுக்கிறதே என்று அதையே நம்பி ஓட்டினார்கள்.

நான்காவதாக வந்தேன். முதல் மூன்றும் புது சேஸிஸ், கோகுல் இரண்டாவது. எனக்குப் பின்னால் வந்த புது சேஸிஸ் ஐந்து. மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம் என்பதால் நான் கீழே நின்று கை தட்டினேன்.

ஓட்டெடுப்பு அங்கேயே, கொட்டகை நிழலில், வண்டிக்கு ஓர் ஓட்டு. எனக்குப் பின்னால் வந்த அந்த ஐந்து புது சேஸிஸ்காரர்களில் ஒருவராவது கை தூக்காமல் இருப்பார் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் தூக்கினார்கள். எட்டுக்கு ஏழு என்று புது விதி நிறைவேறிவிட்டது. கோகுல் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மடித்தார்.

நான் எழுந்தேன். "ரூலு உங்களுது, சரிங்க. களம் உங்களுது இல்லையே."

தணிகாசலம் தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரிடமே நேராகப் போய்க் கேட்டேன்: கிளப் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், பழைய சேஸிஸ்காரர்கள் எட்டுப் பேர் நாங்களே வாடகை கட்டி ரேஸ் ஓட்டினால் விடுவாரா?

"காசு கட்டினா ஓட்டிக்கினு போங்களேன். வண்டி எந்த ஊருதுன்னு பாக்கறதா எனக்கு வேல? பிரேக்கு புடிக்குதா, அத்த மட்டும் பாப்பேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தது கோகுல் இல்லை.

வரும் வழியில் நல்ல மழை. ஏழுமலை திண்டிவனத்தில் நிறுத்தித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். வீடு சேர எட்டு மணி. தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தது. தோற்றுப்போய்த் திரும்புகிறவள் போல நான் உணரவில்லை. ஒரு விஷயத்தில் நான் சொன்னது தப்பு, அது போர்டிலேயே தெரிந்தது. அதற்காக நாங்கள் களத்தை விட்டுப் போக வேண்டும் என்று ஆகிவிடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேஸிஸ் முக்கியமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். ஒரு சுற்றில் 0.6 வினாடி என்றால் பதினைந்து சுற்றில் ஒன்பது வினாடி, அது சின்ன விஷயமில்லை. அதே நேரம், புதிது வாங்காமல் களத்துக்கு வராதே என்பவரையும் நம்பாதீர்கள். சின்ன இன்ஜினுக்கு ரொம்ப விறைப்பான சேஸிஸ் தேவையே இல்லை, அது இன்ஜினைக் கட்டிப்போடும். பழையது வாங்கினால் சமதரையில் வைத்து நான்கு சக்கரமும் சரியாக அமர்கிறதா பாருங்கள். கவிழ்த்துப் போட்டு, அடிப்பைப் உரசித் தட்டையாகிவிட்டதா என்று விரலால் தடவுங்கள். சீட் பூட்டும் இடத்திலும் முன்சக்கரம் சேரும் இடத்திலும் விரிசல் தேடுங்கள். வெல்டிங் தழும்பைக் கண்டு பயப்பட வேண்டாம், தழும்புக்குப் பக்கத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். முடிந்தால் நல்ல வண்டி ஒன்றை யாரிடமாவது கேட்டுப் பத்து சுற்று ஓட்டிப் பாருங்கள். வயிறு எரியும். பரவாயில்லை, உங்கள் வண்டியில் எதைத் திருத்துவது என்று அதன் பிறகுதான் தெரியும்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளியனூர் களத்தின் இரும்பு கேட் எங்களுக்காகத் திறந்திருக்கும். ஹெல்மெட்டும் கனமான ஷூவும் கட்டாயம். சேஸிஸ் எந்தக் கம்பெனி என்று கேட்க அங்கே ஆள் இல்லை.