பனியில் கருகிய செண்பகக் கன்றுகள்

எங்கள் அம்மா ஹனூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அப்பாவைக் கைப்பிடித்து மைசூருக்கு வந்தவர். அப்பா தொழிற்சாலைக்குப் போனார். அம்மா தையல் தைத்து என்னைப் படிக்கவைத்தார். சாந்தமானவர், எதையும் மறந்து மன்னிப்பவர் என்றெல்லாம் நினைவு மலரில் எழுதுவார்கள். நான் எழுதப்போவதில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் போகாது. அது இப்போது என்னிடம் இருக்கிறது.

அப்பா வாசலில் நட்ட செண்பகம், அவர் காலமான மறு வருஷமே காற்றில் சாய்ந்தது. சாய்ந்த கிளைகளிலிருந்து அம்மா காய் பறித்து, விதையெடுத்து, பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி ஊன்றினார். அந்த மரத்துக்கு வேறு வாரிசு இல்லை. பனி இறங்கியதும் தினமும் பொழுது சாய்ந்தால் தார்ப்பாயால் மூடுவார், வெயில் ஏறிய பிறகே திறப்பார். தண்ணீர் காலையில் மட்டும்தான்.

அந்த மார்கழியில் ஊரில் மாமாவுக்கு உடம்பு முடியவில்லை. கீழ்வீட்டில் இருந்த சித்தப்பாவிடம், அப்பாவின் தம்பியிடம், அம்மா கன்றுகளை ஒப்படைத்தார்.

"பொழுதோட மூடிருங்க தம்பி. மறந்துராதீங்க."

"நான் பாத்துக்கறேன் அண்ணி."

திரும்பி வந்தபோது தார்ப்பாய் சித்தப்பாவின் புதுக் கார் மேல் இருந்தது. கன்றுகள் கருகிக் கிடந்தன.

"பனி பட்டா பெயின்ட் போயிடும்னு எடுத்தேன் அண்ணி. செடிதானே, நர்சரியில வேற வாங்கிக்கலாம். இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா?"

அம்மா தார்ப்பாயை உருவிக்கொண்டு போனார். சுவரோரம் ஒரே ஒரு கன்று பிழைத்திருந்தது. அதை வீட்டுக்குள் ஜன்னலருகே வைத்து, சிவராத்திரிக்குக் குளிர் விடும் வரை காப்பாற்றினார். அது மரமாகிப் பூத்ததும் தெருவுக்கே பூ கொடுத்தார், கீழ்வீட்டைத் தவிர. சித்தப்பா தனியாக வீடு கட்டி, வாசலில் வைக்க ஒரு கன்று கேட்டார்.

"நர்சரியில கெடைக்குமுங்க தம்பி" என்றார் அம்மா. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அம்மா படுக்கையில் விழுந்தபோது சித்தப்பா ஆப்பிளுடன் வந்து, "மனசுல எதையும் வச்சுக்காதீங்க அண்ணி" என்று கண்கலங்கினார்.

"வச்சுக்கிட்டுத்தான் போறனுங்க" என்றார் அம்மா.

கடைசி வாரங்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோக்கார அண்ணனுக்கும், ஹனூரிலிருந்து பஸ் ஏறி வந்த உறவுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இந்த முதலாண்டுத் திதிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மலருடன் அம்மா மரத்தின் கன்று ஒன்று தருகிறேன். ராத்திரிப் பனி படாமல் மூடிவையுங்கள். சித்தப்பாவும் வந்திருக்கிறார். அவருக்கு இலை போட்டுச் சாப்பாடு உண்டு, இந்த மலரும் உண்டு. கன்று கிடையாது. உங்களில் யாரிடமாவது அவர் கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.